சாவகச்சேரி ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒரு வருசம்: எங்களுக்கு என்ன மாறியது?

கைதடியான் எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருசம், 2024 யூலை 8ஆம் திகதி, சாவகச்சேரியில் கடைகளைப் பூட்டிவிட்டு ஆதார வைத்தியசாலை வாசலில் சனம் திரண்டு நின்றபோது நானும் நின்றேன். வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். அதற்கு முதல் நான் ஒரு கட்சிக் கூட்டத்துக்கும் போனவன் அல்ல. பதில் வைத்திய அத்தியட்சகராக வந்திருந்த டொக்டர் அர்ச்சுனா ஆஸ்பத்திரியின் முறைகேடுகள் பற்றிப் பேஸ்புக் நேரலையில் சொன்னவற்றில் எது சரி, எது பிழை என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. நான் அவருக்காகப் போகவில்லை, அம்மாவுக்காகப் போனேன்.

அம்மாவுக்கு 71 வயது. சீனி வருத்தம், பிரஷர், இப்போது சிறுநீரகமும் கொஞ்சம் பழுதாகத் தொடங்கியிருக்கிறது. மாதம் ஒருமுறை கிளினிக். இந்த மாதமும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. அங்கே வேலை செய்கிற எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை.

விடிய நாலு மணிக்கு எழும்பினோம். இரத்தம் எடுக்கவேண்டும் என்பதால் அம்மா தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. ஐந்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தும் எங்களுக்குக் கிடைத்த நம்பர் 63. பழைய கலண்டர் தாளில் உறை போட்ட கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அம்மா வாங்கில் இருந்தார். பத்தே முக்காலுக்கு டொக்டரிடம் போனோம். சின்னப் பெடியன், கண்ணெல்லாம் சிவந்து, இரவு முழுக்க வாட்டில் நின்ற முகம். பாவம், மூன்று நிமிடத்துக்குமேல் அவரால் தரமுடியவில்லை. ஐந்து மருந்து எழுதினார். மருந்து கொடுக்கும் யன்னலில் மூன்று கிடைத்தது, மற்ற இரண்டுக்கும் வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு. சிறுநீரகத்துக்கான பரிசோதனையும் வெளியில்தான், இரசாயனம் முடிந்துவிட்டதாம். பாமசி, ஆய்வுகூடம் எல்லாம் சேர்த்து 6,350 ரூபா.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டார்: "தம்பி, பிரஷர் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் காணாதோ?"

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை.

2024 நவம்பர் 14ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு ஆசனத்தில் மூன்று தேசிய மக்கள் சக்திக்கு. கொழும்பில் தலைமை வைத்திருக்கிற ஒரு கட்சி இங்கே முதலாம் இடத்துக்கு வந்தது. ஒரு ஆசனம் ஆஸ்பத்திரிப் பிரச்சினையால் பெயர் தெரிந்த அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழுவுக்கு. சனத்தின் கோபம் வாக்காக விழுந்தது. ஆனால் அம்மாவின் துண்டு அப்படியே இருக்கிறது. கோபப்பட்டும் வாக்குப் போட்டும் ஆகவில்லை என்றால் நாங்கள் இனி என்னதான் செய்வது?


பூநகரி வெளி எழுதியது:

அண்ணை, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. என் அப்பாவும் அப்படித்தான் குளிசையைப் பாதியாக உடைத்துப் போட்டார், எங்களுக்குச் சொல்லவே இல்லை. பாரிசவாதம் வந்து விழுந்த பிறகுதான் அலுமாரிக்குள் பாதிக் குளிசைகள் கிடந்ததைக் கண்டோம்.


தென்மராட்சித் தம்பி எழுதியது:

ஒன்றும் மாறவில்லை என்று சொல்லாதீர்கள். அதற்கு முதல் ஆஸ்பத்திரியைப் பற்றி யார் வாய் திறந்தார்கள்? டொக்டர்மார் காலையில் அரச ஆஸ்பத்திரி, நாலு மணிக்குப் பிறகு தனியார் ஆஸ்பத்திரி. "இங்கே பார்த்தால் மூன்று மாதம், அங்கே காசு கட்டிச் சனல் பண்ணினால் இன்றைக்கே" என்று சொல்லுகிறதைக் கேட்டுக் கேட்டு சனத்துக்குப் பழகிவிட்டது. ஒருவர் துணிந்து வெளியே சொன்னார், அவருக்கு எதிராக வைத்திய அதிகாரிகள் சங்கம் நின்றது, சனம் அவரோடு நின்றது. அவரது குழுவுக்கு 27 ஆயிரத்துக்கு மேல் வாக்கு. காசோ கட்சியோ இல்லாமல் கிடைத்த வாக்கு.

அதுவே பெரிய மாற்றம். இனி எந்த அத்தியட்சகரும் சனத்தைப் பார்த்து "வெளியே நில்" என்று சொல்லப் பயப்படுவார்.


இரவுப்பணி எழுதியது:

நான் இருபது வருசத்துக்கு மேலாகத் தாதியாக வேலை செய்கிறேன். எந்த மாவட்டம் என்று கேட்காதீர்கள். தம்பி, உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் "பயப்படுவார்" என்பதை நீங்கள் நல்ல செய்தியாக எழுதுகிறீர்கள். பயந்துபோன ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் தெரியுமா? கொஞ்சம் கடினமான நோயாளி வந்தால் உடனே யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்சில் ஏற்றிவிடுவார்கள். ஏன் வீண் வம்பு, போனால் போகட்டும் என்று. பெரியாஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

போன வருசம் எல்லோரும் திறக்காத சத்திரசிகிச்சைக் கூடத்தைப் பற்றித்தான் கதைத்தார்கள். அது எப்படி ஓடுகிறது என்று உள்ளே நிற்கிற ஆளாகச் சொல்கிறேன். கட்டடம், கட்டில், வெளிச்சம் எல்லாம் காசு இருந்தால் ஒரு வருசத்தில் வந்துவிடும். அப்புறம் சத்திரசிகிச்சை நிபுணர் வேண்டும். அவர் வந்தாலும் மயக்கம் கொடுக்கிற டொக்டர் இல்லாமல் கத்தியைத் தொட ஏலாது. அவர் ஒருவர் இருந்தால் பகலில் மட்டும் வேலை நடக்கும், இரவில் வயிற்றுவலியோடு வருகிற பிள்ளைத்தாய்ச்சியை யார் பார்ப்பது? மூன்று நேரத்துக்கும் தாதியர் வேண்டும். கருவிகளைத் தொற்றுநீக்க ஆள் வேண்டும். இரத்தம் பக்கத்தில் இருக்கவேண்டும். இதில் ஒன்று இல்லை என்றாலும் கதவு பூட்டித்தான் கிடக்கும். வெளியே நிற்கிறவர்களுக்கு அது "வேண்டுமென்று திறக்கவில்லை" என்று தெரியும். சில இடத்தில் அப்படியும் இருக்கலாம், நான் எல்லோருக்கும் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அனேகமான இடத்தில் விசயம் ஒரே சொல்லில் அடங்கும்: ஆளணி.

ஆளணி என்றால், இந்த ஆஸ்பத்திரிக்கு இத்தனை டொக்டர், இத்தனை தாதி, இத்தனை சிற்றூழியர் என்று கொழும்பில் அங்கீகரித்து வைத்திருக்கிற கணக்கு. அதைக் கூட்டுவதற்குச் சுகாதார அமைச்சு மட்டும் போதாது, திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஓம் சொல்லவேண்டும். புதுக் கட்டடம் வரும், ரிப்பன் வெட்டுவார்கள், ஆளணிக் கணக்கு பழையபடி இருக்கும். சனத்துக்குக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும், ஆளணி தெரியாது. அதனால்தான் அரசியல்வாதி எப்போதும் கட்டடத்தைத் தருகிறார்.

கைதடியான் தம்பி, அம்மாவுக்கு ஒரு வார்த்தை: பிரஷர் குளிசையை ஒருநாளும் விடக்கூடாது. வாங்க ஏலாவிட்டால் அதே வேலையைச் செய்கிற, ஆஸ்பத்திரியில் இருக்கிற வேறு மருந்துக்கு மாற்றித்தரமுடியுமா என்று அந்தச் சின்ன டொக்டரிடமே கேளுங்கள். அனேகமாக மாற்றித் தருவார்கள். யாரும் கேட்பதில்லை.


குரும்பசிட்டி லண்டன் எழுதியது:

அக்கா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். இங்கிருந்து நானும் ஒன்று சொல்லவேண்டும், மனம் நோகத்தான் சொல்கிறேன். எங்கள் பழைய மாணவர் சங்கம் காசு சேர்த்து ஊரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் அனுப்பியது. ஒவ்வொரு வீட்டுக் கதவும் தட்டிச் சேர்த்த காசு. இரண்டு வருசம் கழித்து ஊருக்குப் போனபோது போய்ப் பார்த்தேன். மேலே வெள்ளைத் துணி போட்டு மூடி, அதன்மேல் ஒரு பூச்சாடி வைத்திருந்தார்கள். எங்கள் சங்கத்தின் பெயர் பொறித்த தகடு மட்டும் பளபளவென்று இருந்தது. தண்ணீரைச் சுத்திகரிக்கிற பகுதி இல்லை, பயிற்சி பெற்ற தாதி மாற்றலாகிப் போய்விட்டாராம். அனுப்பும் முன் அங்கே யார் இதை இயக்குவது என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

அப்புறம், இங்கேயும் இதே கோபம்தான். உங்கள் போராட்டத்துக்கு நாலு நாள் முதல், 2024 யூலை 4ஆம் திகதி, பிரித்தானியாவில் 14 வருசக் கன்சர்வேட்டிவ் ஆட்சி விழுந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் எங்கள் தெருவில் கதைத்தது ஆஸ்பத்திரியைத்தான். இங்கிலாந்தில் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் 75 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. என் மனைவி முழங்கால் சத்திரசிகிச்சைக்கு 14 மாதம் காத்திருந்தார். ஆட்சி மாறியது, பட்டியல் மெதுவாகத்தான் இறங்குகிறது.

கடைசியில் அவரை வாட்டில் பார்த்த டொக்டர் யார் என்று நினைக்கிறீர்கள்? யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் படித்த பிள்ளை. "அம்மா, எந்த ஊர்?" என்று தமிழில் கேட்டது. மனைவிக்குச் சந்தோசத்தில் கண்ணீர். எனக்கு அந்தப் பிள்ளை இங்கே நிற்பதால் ஊரில் எந்த வாட்டு வெறுமையாகக் கிடக்கிறதோ என்று நெஞ்சு அடித்தது. பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானும் விட்டுவிட்டு வந்தவன்தான்.


பூநகரி வெளி எழுதியது:

அவர்கள் ஏன் போகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும் ஐயா. 2022இல் காசு பெறுமதி விழுந்தது. 2023 தொடக்கத்தில் மாதம் ஒரு இலட்சத்துக்குமேல் எடுத்தாலே வரி, உச்சத்தில் 36 வீதம். பெற்றோலுக்கு வரிசை, பிள்ளைக்குப் பால்மா இல்லை. அந்த இரண்டு வருசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டொக்டர்மார் நாட்டைவிட்டுப் போனார்கள். 2024 தையில் டொக்டர்மாரின் கொடுப்பனவை 35 ஆயிரத்திலிருந்து 70 ஆயிரமாக்கினார்கள். உடனே "எங்களுக்கு?" என்று மற்றச் சுகாதார ஊழியர்கள் வேலைநிறுத்தம். கேட்டது நியாயம்தான். ஆனால் அந்த நாட்களில் கிளினிக்குக்கு வந்து திரும்பிப் போன சனத்தில் நானும் அப்பாவும் இருந்தோம். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு திரும்பினேன்.


மாற்றம் வரும் எழுதியது:

நான் தேசிய மக்கள் சக்திக்கு வேலை செய்தவன், அதை மறைக்கவில்லை. இந்த இழையில் எல்லோரும் எழுதுவது உண்மை. ஆனால் எங்கிருந்து தொடங்கினோம் என்பதை மறக்கக்கூடாது.

2022 மார்ச் 29ஆம் திகதி பேராதனை போதனா வைத்தியசாலை மருந்து இல்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. அந்நேரம் கொழும்பில் நின்ற இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியைப் பார்த்துவிட்டு உதவச் சொன்னார். ஒரு நாட்டின் ஆஸ்பத்திரி இன்னொரு நாட்டு அமைச்சரின் கண்ணில் பட்டுத்தான் மருந்து பெறவேண்டிய நிலை. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் வந்ததும் அந்த வருசம்தான்.

அடுத்த வருசம் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்து விவகாரம். சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெலவுக்கு எதிராக 2023 செப்டெம்பரில் நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. ஆதரவாக 73, எதிராக 113. பாராளுமன்றம் அவரைக் காப்பாற்றியது. ஐந்து மாதத்தில், 2024 பெப்ரவரி 2ஆம் திகதி, குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அவரைக் கைது செய்தது. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, தீர்ப்பை அவர்கள் சொல்லட்டும். ஆனால் கை தூக்கிய அந்த 113 பேரில் எத்தனை பேர் இன்றைக்குப் பாராளுமன்றத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதுதான் அரசியல் மாற்றம். சனம் மறக்கவில்லை.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு 604 பில்லியன் ரூபா, அதில் மருந்துக்கு மட்டும் 185 பில்லியன். 2024 டிசெம்பரில் வடமராட்சியில் காய்ச்சலில் சனம் இறந்தபோது கொழும்பிலிருந்து குழு வந்து எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்து, வயல் செய்கிறவர்களுக்கு வீடுவீடாகத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். ஒரு வருசம் ஆகவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.


கைதடியான் எழுதியது:

மாற்றம் வரும், நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. எலிக்காய்ச்சல் நேரத்தில் வேலை நடந்ததை நானும் பார்த்தேன். ஆனால் 185 பில்லியனில் அம்மாவின் இரண்டு குளிசை எங்கே நின்றுவிட்டது? கொழும்புக் களஞ்சியத்திலா, மாகாணக் களஞ்சியத்திலா, ஆஸ்பத்திரி அலுமாரியிலா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது? அமைச்சரிடமா, ஆளுநரிடமா, அத்தியட்சகரிடமா? பொறுங்கள் என்றால் பொறுக்கலாம். யாருக்காகப் பொறுக்கிறோம் என்றாவது தெரியவேண்டும்.


முத்திரைச்சந்தி எழுதியது:

கைதடியான் கேட்ட இந்தக் கேள்விதான் மையம். போன வருசம் யாரும் அதைக் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ். சாவகச்சேரி, தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகள் மாகாண சபையின் கீழ். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் வந்த பிரிப்பு இது. சரி, மாகாண சபை எங்கே? வடக்கில் 2013 செப்டெம்பரில் ஒரேயொரு தடவை தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை தேர்தல் இல்லை. எல்லை நிர்ணயம், சட்டத்திருத்தம் என்று காரணம் சொல்லி அரசாங்கங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டன. இப்போது சனாதிபதி நியமிக்கிற ஆளுநரும் அதிகாரிகளும்தான் நிர்வாகம்.

அதாவது கைதடி ஆளின் அம்மாவுக்கு மருந்து இல்லை என்றால் "அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுவதற்கு ஒரு மாகாணச் சுகாதார அமைச்சர் இல்லை. 2018 ஒக்டோபருக்குப் பிறகு இல்லை. பாராளுமன்ற உறுப்பினருக்கு அந்த ஆஸ்பத்திரியில் நேரடி அதிகாரம் இல்லை, ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் சத்தம் போடலாம், அவ்வளவுதான். போன வருசம் சனம் வாசலில் போய் நின்றதற்குக் காரணமும் இதுதான் என்று நான் நம்புகிறேன். தட்டுவதற்கு வேறு கதவு இருக்கவில்லை.

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் தமிழரசுக் கட்சி திரும்ப முன்னுக்கு வந்தது. அதைச் சிலர் "சனம் மனம் மாறிவிட்டது" என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. சனம் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருகிறது. தட்டவேண்டிய கதவு பூட்டிக் கிடக்கிறது.


தென்மராட்சித் தம்பி எழுதியது:

மாகாண சபை இருந்த ஐந்து வருசத்தில் மட்டும் என்ன கிழித்தார்கள் அண்ணை? தீர்மானம் நிறைவேற்றினார்கள், தங்களுக்குள் அடிபட்டார்கள். அந்தக் காலத்திலும் என் அம்மம்மா ஆஸ்பத்திரித் தரையில்தான் படுத்தார்.


முத்திரைச்சந்தி எழுதியது:

உண்மை தம்பி. அந்தச் சபையை நான் காப்பாற்ற வரவில்லை. எனக்கும் அவர்கள்மேல் நிறைய வருத்தம். ஆனால் அவர்களை வீட்டுக்கு அனுப்புகிற வாய்ப்பு 2018இல் உங்களுக்கு வந்திருக்கவேண்டும், அது வரவில்லை. கெட்ட சபையைச் சனம் மாற்றலாம், இல்லாத சபையை என்ன செய்வது? ஆளுநர் நல்லவராகவே இருக்கட்டும், அவரை நீங்கள் அனுப்பவும் இல்லை, திருப்பி எடுக்கவும் ஏலாது.


டிக்கோயா மகள் எழுதியது:

நான் மலையகத்திலிருந்து எழுதுகிறேன். உங்க எல்லாருடைய பதிவையும் வாசிக்கும்போது எனக்கு ஒரு விசயம் தோணுது, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மத்திய அரசா, மாகாணமா என்று கேட்கிறீங்க. எங்க தோட்டத்தில் அதுக்கும் முன்னால ஒரு கேள்வி இருக்கு: அரசாங்கமா, கம்பனியா?

எங்க தோட்ட டிஸ்பென்சரியை நடத்துறது கம்பனி. அங்கே எம்பிபிஎஸ் படிச்ச டாக்டர் இல்லை, தோட்ட மருத்துவ உதவியாளர்தான். சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் எடுத்தது, நிறைய எடுக்காமலே கிடக்கு. மேல் டிவிசனிலிருந்து என் அத்தையை, நெஞ்சுவலியோடு, கம்பளியில் வைத்து நாலு பேர் தூக்கிக்கிட்டு இறங்கினாங்க. மழை. வழுக்கல். 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சோம், அம்புலன்ஸ் தார் ரோடு வரைக்கும் வந்து காத்திருந்தது, அவங்க மேல் தப்பில்லை, அதுக்கு மேல பாதையே கிடையாது. பாதி வழியில் கொழுந்து லொறி ஒன்று கிடைத்தது. சாக்கு மேல படுக்க வைத்துக் கொண்டுபோனோம். அத்தை பிழைச்சாங்க. நல்ல காலம். அதை நல்ல காலம் என்று மட்டும்தான் சொல்லமுடியும், வேற எந்த ஏற்பாடும் அவங்களைப் பிழைக்க வைக்கலை.

2025இல் ஒருநாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. ஆஸ்பத்திரிக்குப் போனா அன்றைய பேரும், அதாவது அன்றைய சம்பளமும் போச்சு. இதில் வெளியில் மருந்து வாங்கத் துண்டு கொடுத்தா அதை மடிச்சு சாமி படத்துக்குப் பின்னால வைக்கிறவங்கதான் அதிகம்.

ஆனா நான் நம்பிக்கை இல்லாமல் எழுதலை. கலைச்செல்வி, அம்பிகா சாமுவேல் என்று எங்க மலையகப் பெண்கள் போன தேர்தலில் பாராளுமன்றத்துக்குப் போனதைப் பார்த்து என் அம்மா டிவி முன்னால எழும்பி நின்னாங்க. இப்போ அவங்ககிட்ட நாங்க கேட்கிறது ஒரே விசயம், தோட்ட ஆஸ்பத்திரியை அரசாங்கம் பொறுப்பெடுக்கணும். அதுக்காகத்தான் வாக்கு போட்டோம்.


இரவுப்பணி எழுதியது:

தங்கச்சி, துண்டைச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பது பற்றி எழுதினாயே, நான் இனி ஒருவருக்கும் துண்டை நீட்டும்போது அது நினைவுக்கு வரும். நாங்கள் ஒரு நாளைக்கு நூறு துண்டு கொடுக்கிறோம். அது எங்கே போகிறது என்று யோசித்ததில்லை.


பழைய வாத்தியார் எழுதியது:

என் வயதுக்கு நான் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் தலைப்பைப் பார்த்தபோது, வகுப்பில் நான் பல வருசம் படிப்பித்த ஒரு விசயம் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக் கோபத்தால் இந்த நாட்டில் அரசியல் மாறியது இது முதல்தடவை அல்ல.

1934 கடைசியில் தொடங்கி 1935 முழுக்க மலேரியா. மழை பொய்த்து ஆறுகள் வற்றி, குட்டைகளில் நுளம்பு பெருகியது. கேகாலைப் பக்கம்தான் மோசம், கிராமம் கிராமமாகச் சனம் செத்தது. காலனி அரசாங்கத்தின் ஆஸ்பத்திரிகள் போதவில்லை. அப்போது காலனி ஆட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்து இளைஞர்கள், என்.எம். பெரேரா, டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க போன்றவர்கள், மருந்தும் உணவும் தூக்கிக்கொண்டு அந்தக் கிராமங்களுக்குப் போனார்கள். பட்டினியால் உடம்பில் சத்தே இல்லை என்று கண்டு மாமைற் என்கிற சத்துப்பசையை உருட்டி உருண்டையாகக் கொடுத்தார்களாம். 1935 டிசெம்பரில் அவர்கள் லங்கா சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சியைத் தொடங்கினார்கள். மூன்று மாதத்தில் வந்த அரசாங்க சபைத் தேர்தலில் ருவன்வெலவில் என்.எம். பெரேராவும் அவிசாவளையில் பிலிப் குணவர்தனவும் வென்றார்கள். பெரிய பணக்காரர்களைத் தோற்கடித்து.

இதில் நான் பிள்ளைகளுக்கு எப்போதும் அழுத்திச் சொல்வது இரண்டாவது பகுதியைத்தான். அதற்குப் பிறகு வாக்குக் கேட்டுக் கிராமத்துக்குப் போன எவரும் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கதைக்காமல் திரும்ப முடியவில்லை. எல்லாருக்கும் வாக்குரிமை 1931இல் வந்திருந்தது. ஏழையின் வாக்கும் வாக்குத்தான் என்று ஆனபிறகுதான் கிராமத்து ஆஸ்பத்திரிகள் வேகமாக முளைத்தன. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தபோது நான் தனியாக இருந்து அழுதேன். என் தாயின் தங்கை மலேரியாவில் போனவர்.

இலவச மருத்துவம் யாரும் எங்களுக்குத் தானம் தந்தது அல்ல. சனம் ஒவ்வொரு தேர்தலிலும் கேட்டுக் கேட்டு வாங்கியது. மலையகத்து மகளே, 1948இல் குடியுரிமையைப் பறித்து உன் சனத்துக்கு வாக்கு இல்லாமல் செய்தார்கள். கிராமத்துக்கு வந்த ஆஸ்பத்திரி தோட்டத்துக்கு வராததற்கு அதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.


குரும்பசிட்டி லண்டன் எழுதியது:

ஐயா, இதை வாசித்தபிறகுதான் முத்திரைச்சந்தி எழுதியதும் எனக்கு முழுதாக விளங்கியது. எங்கே வாக்கு இருக்கிறதோ அங்கே ஆஸ்பத்திரி வந்தது. இப்போது மாகாணத்தில் வாக்கு இல்லை.

எங்கள் சங்கத்தில் அடுத்த மாதம் கூட்டம். இயந்திரம் அனுப்புவதை நிறுத்திவிட்டு, பயிற்சி பெற்ற தாதியை அங்கேயே இருக்கவைக்க என்ன செய்யலாம் என்று கதைக்கப்போகிறேன். எதிர்ப்பு வரும், தாதிக்குத் தகடு பொறிக்கமுடியாது என்று. வரட்டும்.


மாற்றம் வரும் எழுதியது:

மாகாணத் தேர்தலை நடத்துவோம் என்று எங்கள் கட்சியும் சொல்லியிருக்கிறது. அது தாமதமாவது எனக்கும் வருத்தம்தான், அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். என் பகுதிக் கூட்டத்தில் இந்த இழையை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். குறிப்பாக கைதடி அம்மாவின் கேள்வியையும் தோட்டத்து அத்தையின் கதையையும்.


கைதடியான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இதை வாசித்து வாசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். வாசலில் நிற்கத் தெரிந்த எனக்கு உள்ளே என்ன கேட்பது என்று தெரியவில்லை. இப்போது கொஞ்சம் தெரியும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். முத்திரைச்சந்தி அண்ணை தனிமடலில் படிவம் அனுப்பி உதவினார். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லவேண்டும். நான் எழுதிய கேள்விகள்: இந்த ஆஸ்பத்திரியில் எத்தனை டொக்டர்மார், தாதியர் இருக்கிறார்கள்? கடந்த 12 மாதத்தில் எந்தெந்த மருந்து இல்லாமல் போனது? எத்தனை நோயாளரை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள்?

அக்கா, பார்த்துச் சொல்லுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள்.


இரவுப்பணி எழுதியது:

தம்பி, நல்ல வேலை. மூன்றையும் இப்படி மாற்று.

"எத்தனை பேர் இருக்கிறார்கள்" என்று மட்டும் கேட்காதே. "அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, இன்றைக்குக் கடமையில் எத்தனை, வெற்றிடம் எவ்வளவு காலமாக" என்று தரம் தரமாகக் கேள். இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் ஓட்டை தெரியும். ஆளணியைக் கூட்டச் சொல்லிக் கடைசியாக எப்போது கடிதம் போட்டார்கள், பதில் வந்ததா என்றும் சேர்.

"மருந்து இல்லாமல் போனது" என்று எழுதினால் "மாற்று மருந்து வழங்கப்பட்டது" என்று பதில் வரும். இருப்புப் பதிவேட்டில் பூச்சியமாக இருந்த நாட்கள் எத்தனை என்று மருந்தின் பெயரைப் போட்டுக் கேள். அம்மாவின் இரண்டு குளிசையின் பெயரையும் போடு.

மூன்றாவதில், அனுப்பிய நேரத்தையும் காரணத்தையும் கேள். இரவு எட்டுக்குப் பிறகு அனுப்பியவர்கள் எத்தனை என்று பார்த்தால் மயக்க டொக்டர் எப்போது இல்லை என்று தானாகத் தெரியும்.

நோயாளரின் பெயர் ஒன்றும் கேட்காதே, அதைச் சாட்டாக வைத்து முழுவதையும் மறுத்துவிடுவார்கள்.


கைதடியான் எழுதியது:

திருத்திவிட்டேன் அக்கா. வரும் செவ்வாய் அம்மாவுக்குக் கிளினிக். மருந்தை மாற்றித்தர ஏலுமா என்று டொக்டரிடம் கேட்டுவிட்டு, அப்படியே அலுவலகத்தில் விண்ணப்பத்தையும் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு வருவேன். இரண்டு பதிலையும் இங்கே போடுகிறேன்.


டிக்கோயா மகள் எழுதியது:

அண்ணா, அந்தப் படிவத்தை எனக்கும் அனுப்புவீங்களா? கம்பனிகிட்ட இப்படிக் கேட்கமுடியுமா என்று தெரியலை, பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.